வெளிர் பச்சைப் பெட்டி

சொன்னதையே திரும்பச் சொல்பவர்களோடு எனக்கு அவ்வளவாக ஒத்துவராது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் மனைவி இந்து, குடை எடுத்தாச்சா என்று கேட்பாள். பையை மாட்டும்போது ஒரு தரம், செருப்பு போடும்போது ஒரு தரம், கேட்டைத் திறக்கும்போது ஒரு தரம். மழைக்காலத்தில் குமுளியில் குடை இல்லாமல் யாரும் தெருவில் இறங்குவதில்லை. கேட்கவே வேண்டியதில்லை. ஆனாலும் நான் ஒரு நாளும் எரிந்து விழுந்ததில்லை. எடுத்தாச்சு என்று ஒவ்வொரு தரமும் பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன். நான் கோபக்காரன் இல்லை என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

தமிழிலேயே சொல்லலாம், எனக்குப் புரியும் என்று சொன்னீர்கள் சார். நன்றி. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசினால் நடுவில் யாராவது வருவார்கள், போன் அடிக்கும், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டிவரும். எழுதித் தந்தால் ஒரே தரத்தில் முடிந்துவிடும்.

என் பெயர் பாண்டீஸ்வரன். வண்டிப்பெரியாறு பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தேன். அப்பா ஃபேக்டரியில், அம்மா கொழுந்து பறித்தாள். நான் மலையிறங்கிப்போய்க் கம்பத்தில் கம்ப்யூட்டர் படித்தேன். குமுளியில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பதினொரு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். ஏலக்காய் ஸ்டோர்களுக்கு வேண்டிய மென்பொருள் எழுதுவது எங்கள் தொழில். பறித்த பச்சைக்காயைக் கொண்டுவந்து உலர வைக்கும் கட்டடத்தைத்தான் இங்கே ஸ்டோர் என்கிறோம். ஒரு பக்கம் விறகு அடுப்பு எரியும். அதன் சூடு குழாய் வழியாகப் பக்கத்து அறைக்குப் போய்க் காயை உலர்த்தும். எந்தத் தட்டில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், அடுப்பறையில் காற்று எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வரிசையாகப் பெட்டி பெட்டியாகக் காட்டுவதுதான் எங்கள் மென்பொருள்.

அந்தப் பெட்டிகளின் தோற்றம் என் பொறுப்பு. என்ன நிறம், எவ்வளவு பெரிய எழுத்து, ஓரத்தில் எவ்வளவு இடம். இதையெல்லாம் ஒரு குறியீட்டு மொழியில் எழுத வேண்டும். அந்த மொழி ஒரு வாயாடி. ஒரு பெட்டிக்கு நிறம் தர நாலு வரி, எழுத்துக்கு நாலு வரி, ஓரத்துக்கு நாலு வரி கேட்கும். அடுத்த பெட்டிக்கும் அதே வரிகள் திரும்ப வரும். கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயரையெல்லாம் போடுவதுபோல எழுதிக்கொண்டே போவார்கள். நான் அப்படி எழுதுவதில்லை. எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக ஒரே ஒரு ஸ்டைல், அதாவது தோற்றத்துக்கான விதிகளை, ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால், அந்த வரிகளை ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் எடுத்துவிடலாம். பத்துப் பக்கம் ஒரு பக்கமாகச் சுருங்கும். திரையில் ஒன்றும் மாறாது. அந்தச் சுத்தம் எனக்குப் பிடிக்கும். சிலருக்குப் பூஜை அறையில் கிடைப்பது எனக்கு அதில் கிடைத்தது. இது பெருமைக்காகச் சொல்வது இல்லை. என் சுபாவம் அப்படி.

இப்போது ஏசுரத்தினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணக்கரை போகும் ரோட்டில் ஜோமோன் முதலாளியின் ஸ்டோரில் அவர்தான் அடுப்புக்காரர். ஐம்பது தாண்டிய, கறுத்த, குட்டையான ஆள், நல்ல வாய். கையாள் செல்லத்துரை. இரண்டு பேரும் மாறி மாறி விறகு போடுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு, அதை நீங்கள் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். கம்ப்யூட்டர் இருப்பது ஆபீஸ் அறையில். தரம் பிரித்த காய் அங்கேதான் இருக்கும் என்பதால் சாம்பல் காலோடு அடுப்புக்காரர்கள் உள்ளே வரக் கூடாது. அது முதலாளியின் கண்டிப்பு. அதனால் அடுப்பறைக்கும் ஆபீஸுக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடியைப் பார்க்கும்படி மானிட்டரைத் திருப்பி வைத்திருந்தார்கள். விறகு போடுகிறவர்கள் நின்ற இடத்திலிருந்தே கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. நிறம் மட்டும் தெரியும்.

மழைக்காலத்தில் சாரல் வந்து விறகை நனைக்கும் என்று அடுப்பறை ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். எவ்வளவு மூடினாலும் விறகு ஈரமாகத்தான் இருக்கும். ஈர விறகு எரியாமல் புகையும். அப்படிப் புகையும்போது ஒரு வாயு வரும். அதற்கு வாசனை கிடையாது, கண் எரியாது. உடம்பு அசந்து தூக்கம் வருவதுபோல இருக்கும், அவ்வளவுதான். அந்த வாயுவை அளக்கும் கருவி ஒன்று சுவரில் இருக்கிறது. அதன் அளவைக் காட்டும் பெட்டி திரையின் வலது மேல் மூலையில். சாதாரணமாக வெளிர் பச்சை. அளவு மீறினால் சிவப்பு. "செவப்பு விழுந்துருச்சு" என்று ஒருவர் சொன்னால் போதும், தார்ப்பாயைத் தூக்கிக் கட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய் மழையில் நின்றுகொள்வார்கள். பச்சை வந்ததும் உள்ளே வருவார்கள். ஆடி மாதத்தில் வாரத்துக்கு ஒரு தரமாவது இது நடக்கும். அவர்களுக்கு அது மழை பெய்வதைப் போன்ற ஒரு விஷயம். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை.

சைரன் ஒன்றும் முதலில் இருந்தது. ஸ்டோரை ஒட்டி முதலாளி ஹோம்ஸ்டே கட்டிய பிறகு அதன் வயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். "சைரன் வேண்டா பாண்டீ, கெஸ்ட் ஒக்கெ பேடிக்கும்" என்றார். சுற்றுலா வருகிறவர்கள் பயந்துபோவார்களாம். வயரைப் பிடுங்கியது நான்தான். கலர் இருக்கிறதே என்று அவர் சொன்னார், நானும் சரி என்றேன். அன்றைக்கு அதில் எந்த உள்நோக்கமும் இல்லை.

போன வருடம் திரையைக் கொஞ்சம் நாகரிகமாக மாற்றலாம் என்று ஒரு மாதிரி செய்துகொண்டு போனேன். நிறம் மாறுவதை எடுத்துவிட்டு, எண்ணைப் பெரிதாக, அழகாகப் போட்டிருந்தேன். முதலாளி, கணக்கு எழுதும் நிமி, எங்கள் ஆபீஸிலிருந்து என்னோடு வந்த லிஜி, எல்லோரும் நின்றிருந்தார்கள். ஏசுரத்தினத்தையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார் முதலாளி. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார்.

"சார், நம்பரெல்லாம் ஆபீஸ்ல ஒக்காந்திருக்கவங்களுக்கு. அடுப்படியில நிக்கிறவனுக்குச் செவப்பு போதும். அதயும் வெட்டிராதீங்க."

நான் காரணம் சொல்லத் தொடங்கினேன். ஒரே விஷயத்தை எண்ணும் சொல்கிறது, நிறமும் சொல்கிறது, இரண்டும் எதற்கு என்றேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீங்க கத்திரிக்கோலக் கையில எடுத்துட்டே பொறந்தீங்களா சார்? வெட்டி வெட்டிக் கடைசியில எங்க கழுத்துக்கு வந்துராதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லிஜியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். அன்றிலிருந்து அந்த ஸ்டோரில் எனக்குக் கத்திரி சார் என்று பெயர். போன் எடுத்தால் முதலாளியே அப்படித்தான் கூப்பிடுவார். எங்கள் ஆபீஸுக்கும் அது வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஏசுரத்தினத்தின் மனைவி புஷ்பமேரி, இந்துவைப் பார்த்து, "நீங்க கத்திரி சார் வீட்டம்மாதானே" என்று பிரியமாகக் கேட்டு, தன் கூடையிலிருந்து ஒரு சீப்புப் பழமும் கொடுத்திருக்கிறார். இந்து வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பழம் நன்றாக இருந்தது. நான் இரண்டு சாப்பிட்டேன்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம் சார். மனிதர்கள் பட்டப்பெயர் வைப்பது சகஜம். எனக்கு வருத்தம் இருந்தது, அது உண்மை. கோபம் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

லிஜி எங்கள் ஆபீஸில் சேர்ந்து இது இரண்டாவது மழைக்காலம். அவளும் தோட்டத்துப் பெண்தான், நல்ல உழைப்பாளி. ஒரே குறை, நீட்டி எழுதுவாள். அந்த ஸ்டோரின் திரையை அவளிடம் ஒப்படைத்திருந்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக முழு ஸ்டைல் எழுதியிருந்தாள். சாதாரண நேரத்தில் வெளிர் பச்சை, அளவு மீறினால் சிவப்பு என்று எல்லாப் பெட்டியிலும் அதே பத்து வரி. வேலை செய்தது. பார்க்கத்தான் சகிக்கவில்லை.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். இதை எல்லாம் ஒரே பொது ஸ்டைலாக்கு. சிவப்பாகும் விதி அதிலேயே இருக்கட்டும். வெளிர் பச்சையை மட்டும் அங்கிருந்து எடுத்து, நேராகப் பெட்டியின் மேலேயே எழுதிவிடு. நாலு வரி மிச்சம், ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள் சார். எர்ணாகுளத்திலிருந்து வந்த உங்கள் நிபுணருக்கு இது தெரியும், உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஒரு பெட்டிக்கு நிறம் இரண்டு வழியில் வரலாம். ஒன்று, ஸ்டைல் வழியாக. இன்னொன்று, பெட்டியின் மேல் நேராக எழுதுவது. இரண்டும் இருந்தால் நேராக எழுதியதுதான் எப்போதும் ஜெயிக்கும். அந்த மொழியின் சட்டம் அது. வெளிர் பச்சை என்று பெட்டியின் மேலேயே எழுதிவிட்டால், அளவு மீறும்போது ஸ்டைல் சிவப்பாகு என்று சொல்லும், பெட்டி அதைக் காதில் வாங்காது. பச்சையாகவே இருக்கும். கம்ப்யூட்டர் எந்தப் பிழையும் காட்டாது. அதன் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தரமாவது இதில் விழுவார்கள். விழுந்து, அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, பிறகு ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள்.

லிஜி எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இப்பிடி எழுதினா செவப்பு மாறுமா? எனக்கு ஒரு டவுட்டு."

"மாறும்."

"நான் ஒரு தடவ ஓட்டிப் பாத்துரட்டுமா?"

"நான் பாத்துட்டேன். நீ அடுத்த சோலியப் பாரு."

அவள் சரி அண்ணா என்றாள். என்னை நம்பினாள். அந்த ஆபீஸில் எல்லோரும் என்னை நம்புவார்கள். அவள் பெயரிலேயே அந்த மாற்றம் பதிவாகியது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

எங்கள் மென்பொருள் பல ஸ்டோர்களில் ஓடுகிறது. புதிய பதிப்பை முதலில் ஒரே இடத்தில் போட்டுப் பார்ப்பது நடைமுறை. ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஜோமோன் முதலாளியின் ஸ்டோரைத் தேர்ந்தெடுத்தேன்.

போடுவதற்கு நானே போனேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஸ்டோர் ஆபீஸில் யாரும் இல்லை. நிமி வரும் நாள் இல்லை அது. வேலை முடிந்ததும் அடுப்பறைப் பக்கம் போனேன். ஏசுரத்தினம் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க கத்திரி சார். இன்னைக்கு எத வெட்டுனீங்க?"

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் சுத்தம் பண்ணினேன்."

"செவப்பு இருக்குல்ல?"

"இருக்கு."

அது பொய் இல்லை சார். ஸ்டைலுக்குள் சிவப்பு இருந்தது. அவர் விறகைப் போடும் இடத்தில் போய் நின்று, கண்ணாடி வழியாக மானிட்டரைப் பார்த்தேன். புது மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேன், எனக்குப் பார்வை நல்ல பார்வை. எண் தெரியவில்லை. கொஞ்சம் முன்னால் போய் நின்றேன், அப்போதும் தெரியவில்லை. வெளிர் பச்சை தெரிந்தது. அவர் எனக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

அவர் எண்ணைப் படிக்கப் பழக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், அதுதான். நிறத்தை நம்பி நிற்பவர், ஒரு நாள் நிறம் ஏமாற்றினால், ஆபீஸுக்குள் வந்து எண்ணைப் பார்ப்பார். பார்த்தால் நான் போன வருடம் சொன்னது சரி என்று அவருக்கே தெரியும். எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட நான் எதிர்பார்க்கவில்லை. தெரிந்தால் போதும்.

அதன் பிறகு ஒரு வாரம் போல மழை கொஞ்சம் தணிந்திருந்தது. விறகு நன்றாக எரிந்தது. பெட்டி பச்சையாகவே இருந்தது, இருக்க வேண்டியதுதான். பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. காலையிலிருந்தே ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை. கம்பத்திலிருந்து மேலே வர வேண்டிய ஜீப்புகளும் நின்றுவிட்டன. ஆபீஸுக்கு நடந்து வரக்கூடியவன் நான் மட்டும், அதனால் நான் மட்டும் இருந்தேன்.

எங்கள் ஆபீஸிலிருந்தே எந்த ஸ்டோரின் திரையையும் பார்க்கலாம். பழுது வந்தால் போகாமலே சரி செய்ய அந்த வசதி. மதியம் நான் அந்த ஸ்டோரின் திரையைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால், மழைநாளில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான்.

வாயுவின் அளவு ஏறிக்கொண்டிருந்தது. சிவப்பாக வேண்டிய அளவைத் தாண்டியது. பெட்டி பச்சையாகவே இருந்தது. இன்னும் ஏறியது. தார்ப்பாயைத் தூக்கியிருந்தால் உடனே இறங்கத் தொடங்கும், எனக்கு அந்த வளைவு நன்றாகத் தெரியும். இறங்கவில்லை. இப்போது அங்கே யாராவது ஸ்டோர் ஆபீஸுக்குள் வந்து எண்ணைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். போன் மேசையில் இருந்தது. ஏசுரத்தினத்தின் நம்பர் அதில் உண்டு, செல்லத்துரையின் நம்பரும் உண்டு, முதலாளியின் நம்பரும் உண்டு. அன்று டவர் இருந்தது. இந்து சாப்பிட்டாச்சா என்று நடுவில் கூப்பிட்டாள், பேசினேன்.

எண் இரண்டு இலக்கத்திலிருந்து மூன்று இலக்கமாகியது. லிஜியின் பழைய திரையில் இப்படி ஆனால் பெட்டி அகலமாகிப் பக்கத்துப் பெட்டியை இடிக்கும், வரிசை முழுக்கக் கோணலாகும். என் ஸ்டைலில் அகலத்தை நிலையாக வைத்திருந்தேன். அசையவில்லை. எல்லாப் பெட்டியும் ஒரே அளவில், ஒரே நேர்கோட்டில் நின்றன. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். முழுதாக எழுதித் தருகிறேன் என்று சொன்னதால் சொல்கிறேன்.

கொண்டுபோயிருந்த சோற்றைச் சாப்பிட்டேன். புளிக்குழம்பு. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போதும் எண் இறங்கவில்லை. அப்போதே எனக்குத் தெரியும், யாரும் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை என்று. ஜன்னலைச் சாத்தினேன், சாரல் அடித்தது. மறுபடி வந்து உட்கார்ந்தேன். மனதில் ஒன்றும் இல்லை. பயம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பிறகு வரும் என்று நினைத்தேன், இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. கை கால் மரத்துப்போனால் அதைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

செல்லத்துரை விழுந்த மரத்தை வெட்டப் போயிருந்தார். அவர் திரும்பிவந்துதான் பார்த்திருக்கிறார். ஏசுரத்தினம் அடுப்புக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புஷ்பமேரி. மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவர், மழை விடட்டும் என்று உள்ளேயே இருந்துவிட்டார். தூக்குவாளி திறந்திருந்தது, பாதி சாப்பிட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் திரை பச்சையாக இருந்தது என்று செல்லத்துரை உங்களிடம் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

புஷ்பமேரி அங்கே இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடக்கத்துக்குப் போனேன். சர்ச்சில் இரண்டு பெட்டிகளையும் பக்கம் பக்கமாக வைத்திருந்தார்கள். ஒன்று கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்தது. யாராவது நேராக வைப்பார்கள் என்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் வைக்கவில்லை. அவர்களுடைய மகன் ஜிபின் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரு சார், நல்லா வேல தெரிஞ்ச ஆளுன்னு" என்றான். அதைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இதை ஏசுரத்தினம் என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும்.

மறுநாள் லிஜி ஆபீஸுக்கு வந்தாள். அவளே கம்ப்யூட்டரில் பொய்யான அளவைக் கொடுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பெட்டி பச்சையாகவே நின்றிருக்கிறது. என் மேசைக்கு வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணா, நீங்க பாத்துட்டேன்னு சொன்னீங்கல்ல?"

"பாத்தேன்னுதான் நெனச்சேன்."

அவள் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, "நீங்க ஓட்டிப் பாத்துட்டேன்னு சொன்னத யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணா. எழுதினது நான். ரெண்டு பேரும் எதுக்கு மாட்டணும், உங்களுக்குக் குடும்பம் இருக்கு" என்றாள். நான் சரி என்றேன். உங்களிடம் அவள் கொடுத்த வாக்குமூலம் அதுதான். சரிபார்க்க வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை, நானே அவசரப்பட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள்மீது கேஸ் போட்டிருக்கிறீர்கள். ஜாமீனில் வந்து இப்போது அகளியில் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்கா போன் செய்தாள். லிஜி சரியாகச் சாப்பிடுவதில்லையாம், அடுப்பு எரியும் அறைக்குள் போகமாட்டேன் என்கிறாளாம், பச்சைப் பாவாடை ஒன்றை எடுத்துக் கொளுத்திவிட்டாளாம். நல்ல பெண், சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்தேன்.

மற்ற ஸ்டோர்களுக்கு அந்தப் பதிப்பைப் போடவே இல்லை. நீங்கள் கேட்காத கேள்வி அது, நிபுணரும் கேட்கவில்லை. ஒரு இடத்தில் போட்டுப் பார்த்துச் சரியாக இருந்தால் அடுத்த நாளே எல்லா இடத்திலும் போடுவோம். நான் போடவில்லை. மற்ற அடுப்பறைகளில் இருப்பவர்களுக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. அவர்கள் யாரும் எனக்குப் பெயர் வைக்கவில்லை.

போன வாரம் நிபுணரின் அறிக்கை நகல் எங்கள் கம்பெனிக்கு வந்தது. கம்பெனி முதலாளிமார் என்னிடம்தான் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். அதன் பிறகுதான் உங்களைப் பார்க்க வந்தேன். எதற்காக ஸ்டேஷனுக்குப் போகிறீர்கள் என்று இந்து கேட்டாள். லிஜிக்காக என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுத உட்காரும் வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அறிக்கை மொத்தத்தில் நல்ல அறிக்கை. கொஞ்சம் நீளம், சொன்னதையே சொல்கிறது, ஆனாலும் விஷயம் தெரிந்தவர் எழுதியது. பெட்டியின் நிறம் ஏன் மாறவில்லை என்பதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். முடிவில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. முதலாவது லிஜியைப் பற்றியது. அனுபவக் குறைவால் செய்த தவறு என்கிறது. அதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது என்னைப் பற்றியது. பதினொரு வருட அனுபவம் உள்ள மூத்தவர், ஆரம்பப் பாடத்திலேயே வரும் இந்தத் தவறைக் கவனிக்கத் தவறிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் நாளைக்கு அதைப் படிப்பார்கள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள் சார். நான் கவனித்தேன்.